பீலிக்கு மேலே நான் ஊற்றியது

தம்பி,

இதை நின்றுகொண்டு படிக்காதே. சைட்டில் வேலை நடக்கும்போதும் படிக்காதே. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, கதிரையில் உட்கார்ந்து படி. எட்டாம் வகுப்போடு நின்றவனுடைய எழுத்து, கோழி கிளறியது போலத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். மூன்று தரம் எடுத்தேன். நீ "என்னப்பா, சொல்லுங்க" என்றதும், "சாப்புட்டியா, அங்க மழையா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். கிழவனுக்கு என்ன ஆச்சு என்று உனக்குச் சிரிப்பு வந்திருக்கும். கிழவனுக்கு என்ன ஆனது என்று சொல்லத்தான் இந்தக் கொப்பியை எடுத்தேன். உன் கூட்டாளி நாளைக் காலை ரயிலில் கொழும்புக்கு வருகிறான், அவன் கையில் கொடுத்து விடுகிறேன். ஒட்டாமல்தான் கொடுக்கிறேன். அவன் படித்தாலும் படிக்கட்டும். இனி இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

உன் கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அது நடக்குமா நடக்காதா என்பது என் கையிலும் இல்லை, உன் கையிலும் இல்லை. கௌரியின் கையில் இருக்கிறது. அவளுடைய அம்மா செத்ததற்கு நானும் ஒரு காரணம். பார்த்தாயா, 'நானும் ஒரு காரணம்' என்று எழுதுகிறேன். பூசி மெழுகிப் பழகிய கை, சும்மா இருக்காது. நான்தான் காரணம். நேற்றுத் தெல்தெனியவுக்குப் போய், அவளிடமும் அவள் அப்பாவிடமும் அதைச் சொல்லிவிட்டு வந்தேன். உன்னிடம் முதலில் சொல்லவில்லையே என்று கோபப்படாதே. சொல்லியிருந்தால் நீ தடுத்திருப்பாய். நானும் அதுதான் சாக்கு என்று வீட்டிலேயே இருந்திருப்பேன். அப்படிச் சாக்குச் சொல்லியே பதினெட்டு வருடம் ஓட்டியவன் நான்.

நான் என்ன வேலை பார்த்தேன் என்று உனக்குச் சரியாகத் தெரியாது. "எங்கப்பா பவுசர் ஓட்டுறாரு, ஹோட்டலுக்கெல்லாம் தண்ணி கொண்டு போறாரு" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தாய். அப்படிச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். ஹோட்டல்களுக்குப் போனது உண்மை. தண்ணீர் கொண்டு போகவில்லை. அங்கேயிருந்த கக்கூசுக் குழிகளை உறிஞ்சி எடுத்துக்கொண்டு வந்தேன். அந்தத் தாங்கி லொறியைக் கலி பவுசர் என்பார்கள். வேலை முடிந்ததும் முதலாளியின் யார்டிலேயே இரண்டு தரம் சோப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் கடுகண்ணாவைக்குப் பஸ் ஏறுவேன். அப்படியும் ஒரு நாள் நீ என் மடியில் ஏறி உட்கார்ந்து, மூக்கைச் சுளித்து, "அப்பா, உங்க மேல என்னமோ நாத்தம்" என்றாய். உன் அம்மா அடுப்படியிலிருந்தே, "அது டீசல் வாடடா, எறங்கு கீழ" என்று சத்தம் போட்டாள். அவள் உன்மேல் சத்தம் போடவில்லை. என் முகத்தை நீ பார்க்கக் கூடாது என்று போட்டாள்.

வேலையைப் பற்றி எனக்கு வெட்கம் இருந்தது, இப்போது இல்லை. ஊரான் வீட்டு அசிங்கத்தை ஒருவன் அள்ளத்தான் வேண்டும். ஒழுங்காக அள்ளி, ஒழுங்கான இடத்தில் கொட்டியிருந்தால், இன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உன் மணவறைக்குப் பக்கத்தில் நின்றிருப்பேன். கண்டி உனக்குத் தெரியும், மலைகளுக்கு நடுவில் சட்டிக்குள் இருக்கிற ஊர். ஹோட்டல், போர்டிங் வீடு, கடை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. மழை பிடித்தால் குழிகள் நிரம்பிவிடும், முதலாளியின் போன் ஓயாது. கொட்டுவதற்கென்று குறித்துக் கொடுத்த இடம் ஒன்று தூரத்தில் இருந்தது. வரிசையில் நிற்க வேண்டும், பதிய வேண்டும், பின்னேரம் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அங்கே போய் வந்தால் நாளுக்கு ஒரு நடைதான். முதலாளிக்கு மூன்று நடை வேண்டும். "நீ இப்புடி மாட்டு வண்டி மாதிரி ஓட்டுனா, நான் பவுசர வித்துட்டு வடை சுடத்தான் போகணும்" என்பார். பிறகு ஒரு நாள் அவரே பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, தெல்தெனியப் பக்கம் ஒரு தோட்டத்து ரோட்டைக் காட்டிக் கொடுத்தார். தோட்டத்தின் பெயரை எழுத மாட்டேன், கௌரிக்குத் தெரியும்.

அந்த ரோட்டில் ஒரு சின்னப் பாலம். அடியில் ஓடை. இரண்டு பக்கமும் தேயிலை, ஆள் நடமாட்டம் குறைவு. குழாயை இறக்கி வால்வைத் திறந்தால் கால் மணித்தியாலத்தில் பவுசர் காலி. மழை நாளாகப் பார்த்துத்தான் போவேன். தண்ணீர் கரைபுரண்டு ஓடும், நான் ஊற்றியது அடுத்த வளைவுக்குள் மறைந்துவிடும். ஓடை கீழே இறங்கி, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயங்களைத் தொட்டுக்கொண்டு போய், ஆற்றில் விழுந்து, ஆறு அணைக்கட்டுத் தண்ணீரோடு கலக்கிறது. அவ்வளவு தண்ணீருக்குள் என் ஒரு பவுசர் என்ன ஆகிவிடும்? 'ஓடுற தண்ணிக்குத் தோசமில்ல' என்று நம் ஆட்கள் சொல்வார்களே, அதைப் பிடித்துக்கொண்டேன். சும்மா சொல்லவில்லை, நம்பினேன். நம் சனம் எல்லாரும் நம்பினார்கள். லயத்துக் குழாயில் வருகிற தண்ணீரில் மருந்து போட்டிருப்பார்கள். அது நாறுகிறது, தேத்தண்ணிக்கு ஆகாது, துணி துவைக்கத்தான் ஆகும் என்று ஒதுக்கிவிட்டு, குடிக்கிறதுக்குப் பீலிக்குப் போவார்கள். ஓடைத் தண்ணீரை மூங்கிலில் திருப்பி விட்டிருக்கும் இடத்தைத்தான் பீலி என்கிறோம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சில்லென்று இருக்கும், இனிப்பாக இருக்கும். மருந்து போட்டதைத் தள்ளிவிட்டு, நான் ஊற்றியதைக் குடித்தார்கள்.

கீழே ஆள் இருப்பது எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். பாலத்தில் நின்றால் லயம் தெரியாது, பாறை மறைக்கும். ஆனால் மழை விட்ட நேரத்தில் பேச்சுச் சத்தம் கேட்கும். பெண்பிள்ளைகள் சிரிப்பது கேட்கும். ஒரு தரம் யாரோ யாரையோ, "அடியே, குடம் வழியுது, அங்க யாரப் பாத்துக்கிட்டு நிக்கிற" என்று ஏசியதுகூடக் கேட்டது. கேட்டுக்கொண்டே வால்வைத் திறந்தேன் தம்பி. அந்தக் கை விளங்காமல் போக என்று நீ என்னை ஏசலாம். நான் தினமும் என்னை ஏசிக்கொள்கிறேன், அதனால் ஒன்றும் ஆகவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் அப்படி நடந்தது. பிறகு ஒரு நாள் காலையில் யார்டில் பவுசரைக் கழுவிக்கொண்டிருந்தேன். முதலாளி வந்து, "கொஞ்ச நாளைக்கு அந்த ரோட்டுப் பக்கம் போகாத. கீழ லயத்துல நாலஞ்சு பேருக்குக் காமாலையாம். சுகாதாரக்காரங்க வந்து பாத்துட்டுப் போறாங்களாம்" என்றார். ஏதோ ரோடு உடைந்திருக்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அதுவரைக்கும் எங்கே ஊற்றுகிறேன் என்று அவளுக்கும் தெரியாது. கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "ஏங்க, நாளைக்கே போய்ச் சொல்லிட்டு வாங்க. பீலித் தண்ணிய குடிக்காதீங்கன்னு ஒரு வார்த்த சொன்னா போதும்ல? யாரு ஊத்துனான்னு கேட்டா கேக்கட்டும்" என்றாள். "போலீசுல புடிச்சுக் குடுத்துருவாங்கடி" என்றேன். "குடுக்கட்டும். அங்கயும் புள்ளைங்க இருக்குங்க" என்றாள். போகிறேன் என்றேன். போகவில்லை. அடுத்த நாள் சொன்னாள், அதற்கு அடுத்த நாளும் சொன்னாள். சுகாதாரக்காரர்கள்தான் பார்த்தார்களே, அவர்கள் சொல்லியிருக்க மாட்டார்களா என்று அவளோடு சண்டைக்குப் போனேன். லயத்துக் கக்கூசும் உடைந்துதான் கிடந்தது, அதிலிருந்தும் வந்திருக்கலாம், ஒருவேளை என்னால் இல்லாமலும் இருக்கலாம் என்றேன். மழைக்கு ஒதுங்குகிறவன் மாதிரி அந்த 'ஒருவேளை'க்கு அடியில் போய் நின்றுகொண்டேன். மூன்று நான்கு வாரம் கழித்து, தெல்தெனியவில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். "அந்த லயத்துல ஒரு புள்ளத்தாச்சி செத்துட்டாளாம்பா. வயித்துப் புள்ளயோட போயிட்டா. கண்ணெல்லாம் மஞ்சளாம்." தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

இதையும் உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. அன்றிலிருந்து நம் வீட்டில் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்ச ஆரம்பித்தாள். விறகு இல்லாத நாளில்கூட, கறியைக் குறைத்தாலும் தண்ணீரைக் காய்ச்சுவாள். "அம்மா தண்ணியையும் அரிசி மாதிரி வேக வைக்கிறாங்க, வெந்துருச்சான்னு ஒரு சொட்டு நசுக்கிப் பாருங்கம்மா" என்று நீ கேலி பண்ணுவாய். அவளும் சிரிப்பாள். என் பக்கம் மட்டும் திரும்ப மாட்டாள். சாகிற வரைக்கும் ஆக்கிப் போட்டாள், துவைத்துப் போட்டாள், காய்ச்சல் என்றால் பக்கத்தில் இருந்தாள். ஆனால் "இன்னைக்கு வேல எப்புடிங்க" என்று அதற்குப் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை. அதோடு ஊற்றுவதை நிறுத்தினேனா என்று நீ கேட்பாய். நிறுத்தவில்லை. அந்த ரோட்டுக்குப் போகவில்லை, அவ்வளவுதான். வேறு மலை, வேறு ஓடை. இரண்டு வருடம் கழித்து இடுப்பு பிடித்துக்கொண்டதால்தான் ஸ்கூல் வேன் ஓட்டப் போனேன். நல்லவனாகி விடவில்லை.

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்காதே. போன மாதம் நீ போனில் சிரித்துக்கொண்டே சொன்னாயே, நீ வேலை பார்க்கிற மாடிக் கட்டடத்தில் கக்கூசுக் குழி சீக்கிரம் நிரம்புகிறது என்று. "ஒரு பைப்ப எடுத்து ரோட்டோரச் சாக்கடைக் கான்ல விட்டுட்டாப் போதும்பா, மழைத் தண்ணியோட போயிரும்" என்றாய். என் மகன் வாயிலிருந்து என் முதலாளியின் பேச்சு வந்தது. அப்போதும் "சரி சரி, சாப்புட்டியா" என்றுதான் கேட்டேன். இப்போது சொல்கிறேன். அந்தப் பைப்பைப் போடாதே. போட்டிருந்தால் கழற்று. சுப்பர்வைசர் வேலை போனால் போகட்டும், இன்னொன்று தேடலாம். அந்தக் கானுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று உனக்கு எந்தப் பெரிய மனுசன் சொன்னாலும் நம்பாதே. தண்ணீர் போகிற பாதையில் எல்லாம் ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டில் ஒரு குடம் இருக்கிறது. கடுகண்ணாவை வளைவில் காரை நிறுத்திச் சொப்பிங் பேக்கை வீசிவிட்டுப் போகிறார்கள் பார், பிள்ளையின் மூத்திரப் பம்பர்சும், கோழிக் கடைக் குடலும், அவர்களும் கெட்டவர்கள் இல்லை. கையை விட்டுப் போனால் கணக்குத் தீர்ந்தது என்று நினைக்கிறவர்கள். நானும் அவர்களில் ஒருத்தன்தான், என் பை கொஞ்சம் பெரிது.

இனி கௌரி விசயத்துக்கு வருகிறேன். கண்டியில் புடைவைக் கடையில் வேலை செய்கிற பெண், தெல்தெனியவில் வீடு, அம்மா இல்லை என்று நீ சொன்னபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தை மாதம் பெண் கேட்டுப் போனோமே, அன்றைக்குத்தான் தலையில் இடி விழுந்தது. நீ வாசலில் அவள் சித்தப்பா வீட்டுப் பையன்களோடு பேசிக்கொண்டிருந்தாய். மாரிமுத்துச் சம்பந்தி எனக்குப் பிளாஸ்க்கிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். "காச்சுன தண்ணிதாங்க. இவ அம்மா போனதுல இருந்து பச்சத் தண்ணி நம்ம வீட்டுல கெடையாது" என்றார். சுவரில் மாலை போட்ட படம். சின்ன வயது, மூக்குத்தி, சிரித்த முகம். "என்ன சீக்குங்க" என்று கேட்டேன். "காமால. புள்ளத்தாச்சியா இருந்தா. அப்ப நாங்க தோட்டத்துல இருந்தோம்" என்று சொல்லி, தோட்டத்தின் பெயரைச் சொன்னார். எந்த லயம் என்று கேட்டேன். அதையும் சொன்னார். தட்டை மாற்றும்போது நான் கொடுத்த தட்டையே திரும்ப வாங்கப் போனதைப் பார்த்து, "மாமாவுக்குச் சந்தோசத்துல தலகாலு புரியல" என்று கௌரியின் சித்தி சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். கௌரி எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்து, "சீனி போதுமா மாமா" என்றாள்.

அப்போதும் சொல்லவில்லை. நான்கு மாதம் சொல்லவில்லை. நீ வீட்டுக்கு வரும்போது உன் முகத்தைப் பார்ப்பேன், நீ அவளோடு போனில் பேசிச் சிரிப்பதைக் கேட்பேன், எனக்குள்ளேயே புதைத்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைப்பேன். செத்தவள் செத்துவிட்டாள், உயிரோடிருக்கிற பிள்ளைகளைக் கெடுப்பானேன் என்று நானே எனக்கு வக்கீலாக நின்றேன். போயிருப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை மாரிமுத்து மட்டும் நம் வீட்டுக்கு வராமல் இருந்திருந்தால்.

பத்திரிகை அடிக்கிறதுக்கு எழுதிக் கொண்டுவந்திருந்தார். வாங்கிப் பார்த்தேன். பெண்ணைக் கொடுக்கிற இடத்தில் அவர் பெயர் இல்லை, அவர் தம்பியின் பெயர் இருந்தது. "என்னங்க இது, பெத்த தகப்பன் நீங்க இருக்கும்போது?" என்றேன். அந்த மனுசன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "புள்ள அப்புடித்தான் போடச் சொல்றா சம்பந்தி. தார வாத்துக் குடுக்குறதுக்கும் நான் வேணாமாம், சித்தப்பா குடுக்கட்டுமாம்." கௌரி அவரோடு முகம் கொடுத்துப் பேச மாட்டாள் என்பது உனக்குத் தெரியும். ஏதோ அப்பா மகள் சண்டை என்று நீ சொல்லியிருந்தாய். ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார். மனைவிக்குக் கண் மஞ்சளானதும், மூன்று நாள் காமாலை மந்திரிக்கிறவனிடம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். சுண்ணாம்புத் தண்ணீரில் கையைக் கழுவவிட்டு, தண்ணீர் மஞ்சளாகிறது, சீக்கு இறங்குகிறது என்று அவன் சொல்லியிருக்கிறான். நாலாவது நாள் நினைவு தப்பியபிறகுதான் கண்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். "வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து அவ எங்கிட்ட அந்த மூணு நாளத்தான் கேக்குறா. அம்மாவ நீங்கதான் கொன்னீங்கன்னு ஒரு நாள் சொல்லிட்டா. சரிதானேங்க? நாந்தானே கொன்னேன்" என்றார். நம் வீட்டு முன்னறையில், உன் அம்மா படத்துக்குக் கீழே உட்கார்ந்து, என்னிடம் கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க என்று எழுந்தேன். பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து, மூன்று நாள் சோறு இறங்கவில்லை. செய்தவன் நான் உட்கார்ந்திருக்கிறேன், அந்த மனுசன் என் பாவத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு திரிகிறார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

நேற்றுக் காலை முதல் பஸ்ஸில் கண்டிக்குப் போய், குட்ஷெட் ஸ்டாண்டில் தெல்தெனிய பஸ் ஏறினேன். இரண்டு தரம் இறங்கப் பார்த்தேன். மாரிமுத்து வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். "வாங்க வாங்க சம்பந்தி, சொல்லாம கொள்ளாம" என்று கோடாரியைப் போட்டுவிட்டு வந்தார். உட்கார மாட்டேன் என்று நின்றபடியே சொன்னேன். பவுசர், பாலம், ஓடை, முதலாளி வந்து சொன்னது, உன் அம்மா போகச் சொன்னது, நான் போகாதது, ஒன்றையும் விடவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். கோடாரி பக்கத்தில்தான் கிடந்தது. அவர் அடிக்கவில்லை. விறகுக் கட்டையின் மேல் உட்கார்ந்தார். ஒரே ஒன்று கேட்டார்.

"மொத நாலஞ்சு பேருக்குக் காமாலன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சது எந்த மாசங்க?"

"ஐப்பசி கடைசி."

"ஐப்பசில அவ நல்லாத்தான் இருந்தா. வளைகாப்புக்கு நாள் பாத்துக்கிட்டு இருந்தோம்."

அவ்வளவுதான் சொன்னார். ஊற்றியதைக்கூட வயிற்றுப் பிழைப்பு என்று யாராவது சொல்லலாம். வாயை மூடிக்கொண்டு இருந்ததற்கு என்ன பேர் சொல்வது? பஸ் ஏறி, ஒரு மணித்தியாலம் போய், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "மன்னிச்சிருங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன். கையை நீட்டித் தடுத்துவிட்டார். "அது வேணாங்க. இத எம்புள்ளகிட்ட சொல்லுங்க. நான் சொன்னா, தப்பிக்கிறதுக்குச் சொல்றேன்னு நெனப்பா. கல்யாணம் நின்னாலும் நிக்கட்டும், அவளுக்குத் தெரியணும்" என்றார். பதினெட்டு வருடமாகச் சுமந்ததை ஒரு நாளாவது இறக்கி வைக்க வேண்டும் என்ற ஆசை அவர் குரலில் இருந்தது. அந்த ஆசையைப் பார்த்து எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. கடைசிக் காலத்தில் ஒரு நல்ல காரியம் செய்கிறோம், தகப்பனையும் மகளையும் சேர்த்து வைக்கிறோம் என்றுகூட நினைத்தேன். பார் என் புத்தியை.

கௌரிக்கு நேற்று லீவு. உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள். கூப்பிட்டார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "வாங்க மாமா, எப்ப வந்தீங்க" என்றாள். அவளுக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். முடித்ததும் தன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் எழுந்து நின்றார். ஏதாவது சொல்வாள், ஒரு வார்த்தை கூப்பிடுவாள் என்று நாங்கள் இரண்டு கிழடுகளும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள்.

"அம்மாவுக்குக் குழாத் தண்ணி கொமட்டும் மாமா. மருந்து நாறுதுன்னு வாந்தி எடுப்பாங்க. இடுப்பு வலியில பீலிக்கு எறங்க முடியாது. ஸ்கூல் விட்டு வந்து நாந்தான் போவேன். எனக்குன்னு ஒரு சின்னக் குடம் வாங்கித் தந்திருந்தாங்க. தெனமும் நாந்தான் கொண்டாந்து குடுப்பேன். எந்தங்கம் கொண்டாந்த தண்ணி தேன் மாதிரி இருக்குன்னு சொல்லிச் சொல்லிக் குடிப்பாங்க" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "அப்ப நாந்தான் மாமா குடுத்திருக்கேன்?"

மாரிமுத்து, "இல்ல தாயி, இல்ல தாயி" என்று ஓடிவந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவள் அழவில்லை. அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் போனது ஒருத்தர் தலையிலிருந்து இறக்கி வைக்க. இறக்கி, ஆறு வயதுப் பிள்ளையின் தலையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். சொல்லாமல் இருந்ததும் கொன்றது, சொன்னதும் கொல்கிறது. எது சரி என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை தம்பி. காலத்தோடு சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டால், பிறகு எந்த நேரத்தில் சொன்னாலும் அது யாரோ ஒருத்தர் மேல்தான் விழும். இதைப் புத்திமதி என்று எடுத்துக்கொள், உன் அப்பனிடம் வேறு புத்திமதி இல்லை.

கல்யாணத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நீயும் கேட்காதே. வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதற்குமேல் ஒரு பேச்சும் கிடையாது. நடந்தால், நான் மண்டபத்துக்கு வர மாட்டேன். எனக்காக அவளிடம் மன்னிப்புக் கேட்காதே, எங்கப்பா நல்லவர், அந்தக் காலத்தில் தெரியாமல் செய்துவிட்டார் என்று எனக்கு வக்கீலாகப் பேசாதே. தெரிந்துதான் செய்தேன் என்று சொல். என்மேல் உனக்குக் கோபம் வரும், வரட்டும், அதை வைத்துக்கொள்ள உனக்கு நிறைய நாள் இருக்கிறது. இப்போது அவள் பக்கத்தில் போய் உட்கார். நீ குடுக்கல கௌரி, எங்கப்பா குடுத்தாரு என்று சொல். ஒரு தரம் சொன்னால் நம்ப மாட்டாள். நாளைக்கும் சொல், அடுத்த வருடமும் சொல், அவள் உன்னைக் கட்டினாலும் கட்டாவிட்டாலும் சொல். இதைப் படித்து முடித்ததும் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறு. கடுகண்ணாவையில் இறங்காதே, நம் வீட்டுக்கு வராதே. நேராகத் தெல்தெனியவுக்குப் போ.

அப்பா